நான்கு பக்கமும் வாசல்

பூங்கொடியின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது, ஒரு வீட்டின் மாடிப்படி அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "சார், அக்கா போயிடுச்சி" என்றார். பல மாதங்களாகச் சிறுநீரகக் கோளாறு. அதையும் கட்டட வேலையைப் போல, "முடிஞ்சிடும் சார்" என்றே பூங்கொடி சொல்லிவந்தார்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடியறையில் அவர் கட்டடக்கலை அலுவலகம் திறந்தார். கல்லூரியில் வரைகலை கற்பித்து ஓய்வுபெற்ற நான், அவருடைய வரைபடங்களைச் சரிபார்க்கச் சேர்ந்தேன். என்னைவிட மிகவும் இளையவர். துணிச்சல் அவருடையது, பயம் என்னுடையது. இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவதே எனக்குச் சோதனை. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறுகையால் வீடுகளைக் காட்டிக்கொண்டே ஓட்டுவார். "அந்த வூட்டைப் பாருங்க சார், வாசப்படிய இடிச்சிச் சரிவு போட்டுக்கினு கீறாங்க. மருமக வண்டி ஓட்டுது! இந்த வூட்ல மாடிப்படி வெளிய வந்துடுச்சி. கம்பெனி பசங்களுக்கு வாடகைக்கு வுட்டுட்டாங்க. ஊர்ல இன்னா மாறுதுன்னு பேப்பர்ல எதுக்கு சார் படிக்கணும்?" நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்பேன். ஆனால் அவர் சொன்ன பிறகுதான், நான் பிறந்து வளர்ந்த தெருக்களையே பார்க்கத் தொடங்கினேன்.

பிறகு அவருடைய சொந்தக் கிராமத்தில் சமுதாயக் கூடம் கட்டும் வேலை வந்தது. அவர் வரையும் முதல் பொதுக் கட்டடம். மேற்கே ஊருக்கும், கிழக்கே அவர் பிறந்த காலனிக்கும் நடுவே இடம். ஊராட்சித் தலைவர் அம்மா கூட்டிய கூட்டத்தில் அரிசி மில் வரதன் எழுந்தார்.

"வாசலு மேக்கால, பெரிய தெருவப் பாத்து இருக்கட்டும்மா. கீழண்ட சின்னதா ஒரு கதவு போட்டுடு. அவங்க அப்படியே வந்து சாப்ட்டுட்டுப் போயிடுவாங்க."

"யாருண்ணே அவங்க?"

வரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்கம்மா அந்த மாதிரி கதவாண்ட நின்னுதான் கல்யாணச் சோறு வாங்கிக்கினு வந்தாங்க. அந்தக் கதவ என் கையால வரைய மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க" என்றார் பூங்கொடி. நான் குனிந்து என் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, புது வரைபடத்தை என் மேசையில் விரித்தார். நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் கதவுகள். "சாரல் அடிக்குமே" என்றேன். "சன்ஷேடை நீட்டுங்க சார்!"

அடுத்த கூட்டத்தில் வரதன் சிரித்தார். "இன்னாம்மா இது, பஸ் ஸ்டாண்டா? வாழமரத்த எந்த வாசல்ல கட்றது?"

"நீங்க எங்க கட்றீங்களோ அதாண்ணே வாசல்."

அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் தலைவர் அம்மாதான். "நல்லாத்தான் கீது, கட்டுங்க" என்று முடித்துவிட்டார்.

கூடத்தில் நடந்த முதல் கல்யாணமே வரதன் மகளுடையது. பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்குப் பார்த்த வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். கிழக்கே இருப்பது காலனி! குலை தள்ளிய வாழைமரங்கள் அந்தப் பக்கம் ஏறின. வரதன் வேர்த்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, இது தெரிஞ்சிதான் வரைஞ்சியா?"

"சத்தியமா தெரியாதுண்ணே! ஆனா ஜோரா கீது."

மாலையில் மாப்பிள்ளை அழைப்பு, மேளதாளத்தோடு காலனித் தெரு வழியாகவே வந்தது. அந்தத் தெருவுக்குள் ஊர்க் கல்யாண ஊர்வலம் அதுவரை நுழைந்ததில்லை. பெண்கள் அவசர அவசரமாகக் கோலம் போட்டார்கள். மாப்பிள்ளையின் கார் வந்து நின்ற அதே வாசல் வழியாக, பட்டுப்புடவையில் பூங்கொடியின் அம்மா உள்ளே போனார். வரதனின் மனைவி பன்னீர் தெளித்து, "வாங்கக்கா" என்றார். பூங்கொடி என் கையைப் பிடித்து உலுக்கினார்: "கட்டடம் வேலை செய்யுது சார்!" புதிதாகப் போட்ட பம்புசெட்டில் தண்ணீர் கொட்டும்போது விவசாயி கத்துவதைப் போல இருந்தது.

எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்குத் துணிவில்லை. அன்றும் சிலர் பந்தியில் உட்காராமல் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அவர்களும், செருப்பைக் கழற்றி விட்டிருந்த அந்தக் கிழக்கு வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். வரைபடத்தில் முன்புறம், பின்புறம் என்று எழுத இப்போது கை வருவதில்லை. திசைகளை மட்டுமே எழுதுகிறேன். "இதுல முன்பக்கம் எது சார்?" என்று கேட்கிறவர்களிடம், குரல் கொஞ்சம் நடுங்கினாலும், திருப்பிக் கேட்டுவிடுகிறேன்: "யார் யார் வருவாங்க, அதை முதல்ல சொல்லுங்க."