அக்கா விட்டுப்போன கள்ளியும் புல்லும்

எங்கள் வாசலில் ஒரு புல் முளைத்து இரண்டு நாள் உயிரோடு நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்பா தோட்டத்தில் புல்லுவெட்டு வேலையிலேயே தலை நரைத்தவர். தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் றப்பர் மலைகளில் அவருடைய சுரண்டி படாத இடம் குறைவு. சுரண்டி என்பது புல்லை வேரோடு கிளப்புகிற வளைந்த இரும்பு. வேலையை விட்டு ஆறு வருடமாகியும் அதை இஸ்தோப்புக் கூரையில் செருகி வைத்திருக்கிறார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒவ்வொரு குடும்பத்தின் காம்பராவுக்கும் முன்னால் தகரம் இறக்கிய சின்ன இடம் இருக்கும், அதுதான் இஸ்தோப்பு. அங்கேதான் அக்கா இரண்டு சட்டிகளை வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். முதல் தடவை கிளம்பும்போதே அப்பா வேண்டாம் என்றார். "போனா அதோட உனக்கும் எனக்கும் பேச்சில்ல" என்றார். அவள் போனாள். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு வருடம் கழித்து லீவில் வந்து, இரண்டு மாதம் இதே கூரைக்குக் கீழே இருந்தபோதும் பேசவில்லை. "சோறு ஆறுது, சாப்பிடச் சொல்லு" என்பார் என்னிடம். அவள் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள். "மருந்து குடிச்சாச்சான்னு கேளு" என்பாள் அவள். நடுவில் நான் தபால்காரி. அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரு அதட்டில் சரிக்கட்டியிருப்பாள். எனக்கு அந்த அதட்டல் வராது, எரிச்சல்தான் வரும்.

அந்த லீவில் வரும்போது அவள் உடுப்புகளுக்கு நடுவில் பேப்பரில் சுற்றி ஒரு சாண் நீளக் கள்ளித் துண்டு கொண்டுவந்தாள். அவள் வேலை செய்யும் வீட்டில் வெட்டிக் குப்பையில் எறிந்ததாம். "அந்த வீட்டு வாசல்ல இதோட தாய்ச்செடி நிக்கிது. அங்க நான் தமிழ்ல பேசுறது அதுகிட்ட மட்டுந்தான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அடுப்படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

புல், திரும்பிப் போவதற்கு முதல் வாரம் அவிசாவளையில் வாங்கியது. கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய தாள். நுனியில் பூனைவால் மாதிரி பூ வருமாம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, "மேக தணகொள நேத?" என்று கேட்டாளாம். இது புல்லுதானே என்று. லயத்து ஆட்களும் விடவில்லை. "அப்பன் புல்லு புடுங்கி வளத்த புள்ள, புல்லு வாங்கிட்டு வருது!" அக்கா எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

போகிற அன்று எனக்குப் பாடம் எடுத்தாள். "கள்ளிக்கு மண்ணு நல்லா காஞ்ச பொறகுதான் தண்ணி. மாசத்துக்கு ஒருக்கா கொஞ்சம் போதும். மழ படக்கூடாது. நீ மறந்தாலும் பரவாயில்ல, மறந்தா அதுக்கு நல்லது. புல்லை மட்டும் மறந்துடாத. அதுக்கு வெயிலும் வேணும், தண்ணியும் வேணும். தாளு காஞ்சா தயவு பாக்காம அடியோட வெட்டிரு, திரும்ப வரும்." நான் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறவள். எதையும் எழுதி ஒட்டினால்தான் மனம் ஆறும். பெரிய எழுத்தில் எழுதிச் சட்டிகளுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? இருந்தும் அந்த நேரம் அது தோன்றவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

அவள் போய் நாலாவது நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், சட்டியில் புல் இல்லை. மண் கொத்தி, மட்டம் பார்த்து, சுத்தமாக இருந்தது. புல், பக்கத்து மண்கட்டின் மேல் வேர் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. எங்கள் பக்கத்து மழைக்குப் பிடுங்கின புல்லைச் சும்மா போட்டால் கிடந்த இடத்திலேயே வேர்விடும். அதனால் மண்ணை உதறி, வேரை வானத்தைப் பார்க்க வைத்துச் சாகவிடுவது புல்லுவெட்டுக்காரர் வழக்கம். அப்பா ஒரு குறையும் வைக்கவில்லை.

"அக்கா ஆசையா வாங்கி வச்சதுப்பா!" என்று கத்தினேன்.

அவர் புல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சட்டியில ஏதோ நல்ல செடி நட்டிருக்கா, புல்லு மூடிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். "செடி மொளச்சு வரட்டுமேன்னுதான்..."

அவரே அதைத் திரும்ப நட்டார். வாழ்நாளில் அவர் நட்ட முதல் புல் அதுவாகத்தான் இருக்கும். ஒரு கிழமை வாடிக் கிடந்தது, பிறகு எழும்பிவிட்டது. தை மாத வெயிலில் தாள் காய்ந்தபோது நான் கத்திரிக்கோலோடு தயங்கி நிற்க, அவர் அதை வாங்கி நாலு விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். மாசிக்குள் முன்னைவிட அடர்த்தியாக வந்தது.

கள்ளிதான் என்னை ஏமாற்றியது. தை வரை நன்றாக இருந்தது. பங்குனியில் அடி மஞ்சளித்தது. மழை படாமல் உள்ளே தள்ளி வைத்தேன். மணலை மாற்றினேன். நான் தண்ணீர் ஊற்றியே இரண்டு மாதம் ஆகியிருந்தது. உடுப்புக் காயாத ஊர் இது. காற்றில் இருக்கும் ஈரத்தையே குடித்துச் சாகிறதாக்கும் என்று நினைத்தேன். காலையில் சட்டிக்குப் பக்கத்தில் செம்பு ஈரமாக இருக்கும். அப்பா முகம் கழுவினாராக்கும் என்று எடுத்து உள்ளே வைப்பேன். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை அடியைத் தொட்டேன். அவித்த கிழங்கைப் போல விரல் உள்ளே இறங்கியது.

வெள்ளிக்கிழமைதான் அக்காவுக்கு ஓய்வு. பின்னேரம் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். போன் அடித்ததும் அப்பா வழக்கம்போல சுரண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். வெட்டுவதற்கு அங்கே ஒரு புல்லும் கிடையாது.

"கள்ளி போயிருச்சுக்கா" என்றேன். "மழ. நம்ம ஊரு ஈரம் அதுக்குத் தாங்கல."

"சரி விடு" என்றாள். பிறகு, "இங்க இருந்து போனது ஒண்ணாவது நம்ம வீட்டுல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

அப்பா படியேறி வந்தார். மண் அப்பிய கையை என்னிடம் நீட்டினார். "குடு."

முகம் பார்க்கிற போன் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் காதில்தான் வைத்தார். அக்காவுக்கு அவருடைய காது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"மழ இல்ல புள்ள" என்றார். "நான்தான். காலையில ஒரு செம்பு ஊத்துவேன்."

அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. "எப்ப இருந்துப்பா?"

"நீ போன மறுநாள்ல இருந்து." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தண்ணி இல்லாத ஊர்ல இருந்து வந்தது. தாகமா இருக்கும்னு நெனச்சேன்."

அக்கா அழுதாள். நானும்தான். அப்பா அழவில்லை. போனைக் காதோடு அழுத்தியபடி சுவரில் நான் ஒட்டிய தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள். "நுனியில பச்ச இருக்கா பாருங்கப்பா." இருந்தது, மூன்று விரல் அளவு. அதை நறுக்கிப் பத்து நாள் நிழலில் காயவைத்து, காய்ந்த மணலில் ஊன்றச் சொன்னாள். "வேர் புடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டுக்கூட ஊத்தக்கூடாது. ஊத்தாம இருப்பீங்களா?"

அப்பா சட்டியைப் பார்த்தார். "இருக்கேன்" என்றார்.

இப்போதும் அவர் காலையில் செம்பை நிரப்பிக்கொண்டுதான் வருகிறார். அந்த மூன்று விரல் கள்ளிக்கு முன்னால் சற்று நேரம் நிற்பார். பிறகு திரும்பி, அத்தனை தண்ணீரையும் புல்லுக்கு ஊற்றிவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமை போன் அடித்தால் சுரண்டியைத் தொடுவதில்லை. என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்துக்கொள்கிறார். சாப்பிட்டாயா, சுகமா என்று கேட்பதெல்லாம் பிறகுதான்.

"இன்னைக்கும் ஊத்தல புள்ள" என்பார்.