பிரமிளா அக்காவின் முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள்

பிரமிளா அக்காவோடு மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வெறுங்கையோடு ஏறக்கூடாது. பினாங்கில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால், கடைசி அடுக்குமாடியைத் தாண்டிக் காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு செங்கல் குவியலும், மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களும் இருக்கும். பக்கத்தில் மலாய், சீனம், தமிழ் என்று மூன்று மொழியில் ஒரு பலகை: ‘ஒரு ஆள், ஒரு கல்.’ கல் முடியாதவர் ஒரு பாட்டில் மணலாவது தூக்க வேண்டும். அதுவும் முடியாது என்று சொல்லிப் பார்த்தவன் நான். அக்கா பார்த்த பார்வைக்கு இரண்டு கல் தூக்கியிருக்கலாம்.

நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கா இருக்கிற ஃப்ளாட் கட்டடத்தில்தான் எனக்கும் வீடு. சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடக்கப் போய் அக்காவிடம் மாட்டிக்கொண்டேன்.

அக்கா பாயான் பாரு பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பத்து வருடம் லைன் லீடர். நாற்பது பெண்களை ஒரு விசிலும் இல்லாமல் மேய்த்தவர். வேலையை விட்ட அதே வருடம் கணவரும் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. “வீட்டுல உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும் தம்பி, அதான் மல ஏறுறேன்” என்று ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் தன்னைப் பற்றிப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

அப்போது அந்தப் பாதை வெறும் சேறு. ஒருநாள் மேல் வளைவில் ஒரு சீன ஆன்ட்டி வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். சாரோங் துணியில் கிடத்தி நாலு பேர் கீழே தூக்கி வந்தார்கள். வழி முழுக்க ஆன்ட்டி கத்திய கத்தலை அக்காவால் மறக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு செங்கல்லோடு ஏறினார். கேட்டவர்களிடம், “ஒரு படி கட்டப் போறேன்” என்றார். ஒன்பது வருடத்தில் அது முந்நூற்றுப் பன்னிரண்டு படியாகி, உச்சியில் தேநீர் போட ஒரு பொண்டோக் குடிலும் வந்தது. தகரக் கூரை, நாலு பெஞ்சு. யார் வந்தாலும் தேநீர் சும்மா. அந்தப் படிகளில் என் பங்கு பதினெட்டுக் கல். குறைவுதான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொரோனா எம்.சி.ஓ. ஊரடங்கு முடிந்ததும் வீட்டில் அடைந்து கிடந்த பினாங்கே மலைக்கு வந்தது. யாரோ வீடியோ போட்டார்கள். பிறகு கோலாலம்பூரிலிருந்து வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்த இடமில்லாமல் ஃப்ளாட்டுக்காரர்கள் சண்டை போட்டார்கள். எங்களுக்கோ தலைகால் தெரியாத பெருமை. இத்தனை கூட்டமும் நம் படியில் ஏறுகிறது! ஏறும்போது படியில் ஏறியவர்கள், இறங்கும்போது முட்டி வலிக்கிறதென்று படிக்குப் பக்கத்து மண்ணில் இறங்கினார்கள். புல் செத்தது. பாதை இரண்டு பக்கமும் அகன்றுகொண்டே போனது. நாங்கள் பார்த்தோம். கவனிக்கவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிறு, பொண்டோக்குக்கு அப்துல் ஹமீது வந்தார். கீழே பள்ளத்தாக்கில் டுரியான் பழமும் ஜாதிக்காயுமாகத் தோட்டம் போட்டிருப்பவர். நம் தமிழ் முஸ்லிம்தான், எழுபது வயதிருக்கும். அவர் வீட்டுக்கு அரசாங்கக் குழாய் கிடையாது. ஓடைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் கறுப்புக் குழாயில் கொண்டுபோவார். ஒரு பாட்டிலை மேசையில் வைத்தார். உள்ளே இருந்தது எங்கள் தேநீரைவிடக் கறுப்பு.

“தங்கச்சி, இது எங்க வீட்டுத் தண்ணி. மூணு மாசமா மழ பேஞ்சா இப்படித்தான் வருது. என் பொஞ்சாதி ஃபஸீலாதான் கீழேர்ந்து தண்ணி தூக்கிட்டு வர்றா. அவளுக்கு முட்டி சரியில்லன்னு உங்களுக்கே தெரியும்.”

“தோட்டத்துல வெட்டினீங்களே பாய், அந்த மண்ணா இருக்கும்லா” என்றார் அக்கா.

“நான் மண்வெட்டிய தொட்டு ஆறு வருஷமாச்சு. உங்க படியப் பாருங்க.”

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “படி இல்லாட்டி எத்தன பேரு கை காலு ஒடச்சிருப்பாங்க, தெரியுமா பாய்?”

அவர் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். கூட்டம் சேர்வது அந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை என்று நான் தூபம் போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் போனபோது பாட்டிலில் மண் அடியில் படிந்திருந்தது. இரண்டு விரல் உயரம். அக்கா அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“ஃபேக்டரில ரிஜெக்ட் வந்தா கடைசில நிக்கிற புள்ளய ஏசக்கூடாது தம்பி. லைன்ல ஒவ்வொரு இடமா பின்னால போய்ப் பாக்கணும். நா பாய ஏசிட்டேன்.”

மழைக்காகக் காத்திருந்தார். அக்டோபரில் ஒரு மத்தியானம் வானம் பிளந்துகொண்டு ஊற்றியபோது என் கதவைத் தட்டினார். மழைக்கோட்டு போட்டிருந்தார், கையில் காலி பாட்டில்கள். இந்த மழையில் மலைக்கா என்று கேட்டேன். மழையில்தானே தெரியும் என்றார்.

தொட்டியிலிருந்து தொடங்கினோம். தொட்டியில் சேறு. ஓடையோடு மேலே ஏறினோம். இரண்டு நீரோடை சேரும் இடங்களில் நின்று, இரண்டு பக்கமும் பாட்டிலில் பிடித்துப் பார்த்தார். வலப்பக்கம் தெளிவு, இடப்பக்கம் சேறு. சேற்றின் பின்னாலேயே போனோம். கடைசியில் ஒரு பள்ளத்தில் கை ஊன்றி ஏறித் தலையைத் தூக்கினால், எங்கள் மேல் வளைவு. படிகளின் மேல் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மடமடவென்று ஓடி வந்து, இரண்டு ஓரத்திலும் மிதிபட்டுச் செத்த மண்ணை வாரிக்கொண்டு போனது. ஆள் முழங்கால் ஆழத்துக்குக் குழி. மரத்தின் வேர்கள் வெளியே தொங்கின.

அக்கா மழையிலேயே படியில் உட்கார்ந்து அழுதார். கணவர் போனபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாளே ஹமீது பாய் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு காட்டு இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி அம்மாவைக் கூட்டி வந்து காட்டினார். மேல் வளைவில் நூற்று நாற்பது படியை எடுத்துவிட்டு, கட்டைகளைக் குறுக்கே சாய்வாகப் போட்டால் தண்ணீர் காட்டுக்குள் பிரிந்து போகும், ஓரங்களை வேலியிட்டு ஒரு வருடம் விட்டால் புல் பிடிக்கும் என்றார் அந்த அம்மா. நல்ல பாதைதான், தப்பான இடத்தில் கட்டிவிட்டீர்கள் என்றும் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அது அக்காவை இன்னும் குத்தியது.

வாட்ஸ்அப் குழுவில் அக்கா எழுதியதும் புகைய ஆரம்பித்தது. ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஊர்ப் பாதையை இடிப்பதா? பாய் வேறு தொட்டி கட்டிக்கொள்ளட்டுமே! அக்கா ஒரே ஒரு பதில் போட்டார்: “நாம அவங்க தலைக்கு மேல நடக்குறோம். ஞாயிறு காலை ஏழு மணி. சுத்தியல் கொண்டு வரவும்.” முப்பத்தேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்தது மூன்று பேர். அக்கா, நான், கடப்பாரையோடு ஹமீது பாய். கட்டைவிரலுக்கு என்ன, வீட்டில் படுத்துக்கொண்டே தூக்கலாம்.

உடைப்பது கட்டுவதைவிடக் கஷ்டம் என்று அன்று தெரிந்தது. அக்கா போட்ட கலவை அப்படி. கல் கல்லாகப் பெயர்த்து ஓரமாக அடுக்கினோம். ஒன்பது மணிக்குக் கூட்டம் ஏற ஆரம்பித்தது. சிலர் ஒதுங்கிப் போனார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். புதுச் சப்பாத்து போட்ட ஒருவர், முப்பது வயதிருக்கும், நம் ஆள்தான், கைத்தொலைபேசியைத் தூக்கி அக்கா முகத்துக்கு நேரே பிடித்தார்.

“ஆன்ட்டி, என்ன பண்றீங்க? யாரோ பாவம் வருஷக்கணக்கா கல்லு தூக்கிட்டு வந்து கட்டிக் குடுத்திருக்காங்க. நீங்க பாட்டுக்கு ஒடைக்கிறீங்க? கட்டினவங்களோட அருமை தெரியுமா உங்களுக்கு?”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “டேய், யாரப் பாத்து…” என்று எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஹமீது பாய் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிமெண்டுத் தூசி, அதில் வியர்வை வழிந்த கோடுகள்.

“நீங்க சொல்றது சரிதான் தம்பி. கட்டினவங்க பாத்தா வயிறு எரியும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த படியின் மேல் சுத்தியலை ஓங்கினார்.