கோட்டு போட்டால் மழை வரும்

என் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. எனக்கே அது போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. ‘மழை அக்கா.’

பெயர் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன் – ஒரு பத்து வினாடிக்கு. அது எப்படி வந்தது, அன்று காலை அதனால் என்ன ஆகப் பார்த்தது என்று புரிந்ததும், குடித்துக்கொண்டிருந்த டீ தொண்டைக்குள் இறங்கவில்லை.

கொஞ்சம் முன்னால் போய் ஆரம்பிக்கிறேன்.

இந்தப் பத்திரிகையில் என் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் சைக்கிள் கிறுக்கு தெரியும். பணி ஓய்வு பெற்ற கையோடு கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். வாரத்தில் ஐந்து நாள் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நீண்ட நடை. வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. ஐப்பசி பிறந்தால் என்ன செய்வது? ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டு, குறைத்த எடையைத் திரும்பச் சேர்ப்பதா?

ஒரு ரெயின் கோட் வாங்கினேன். முதல் மழையிலேயே தோள் நனைந்தது. சரி என்று இன்னொன்று வாங்கினேன். அது மழையைத் தடுத்தது, ஆனால் உள்ளே வியர்த்துக் கொட்டி, இட்லிப் பானைக்குள் உட்கார்ந்தது போல வெந்துபோனேன். மூன்றாவதன் தொப்பி காதை அடைத்துக்கொண்டது. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்து, கடைசியில் பக்கத்தில் வந்து திட்டியதுதான் காதில் விழுந்தது. வாசகர்களும் சும்மா இருக்கவில்லை. “எந்தக் கோட்டு வாங்கலாம் மேடம், சோதித்துச் சொல்லுங்கள்” என்று எழுத ஆரம்பித்தார்கள். இது போதாதா எனக்கு?

இப்போது எங்கள் கூடத்துக் கொக்கிகளில் ஏழு மழைக்கோட்டுகள் தொங்குகின்றன. பேன்ட் இரண்டு, தனி. வீட்டுக்காரர் அவற்றைக் கடந்து போகும்போதெல்லாம் “வந்தவங்க எல்லாம் உக்காருங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவரைக் குறை சொல்லக் கூடாது. சோதனையில் பாதி வேலை அவருடையது. மொட்டை மாடியில் நான் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பேன், அவர் பக்கெட் பக்கெட்டாக என் தலையில் தண்ணீர் ஊற்றுவார். முப்பத்திரண்டு வருட இல்லற வாழ்க்கையில் அவர் இவ்வளவு ஆர்வமாகச் செய்த வீட்டு வேலை வேறு எதுவும் இல்லை. ஒரு பக்கெட் போதும் என்றால் மூன்று ஊற்றுவார். “சந்தேகம் இருக்கக் கூடாது பாரு” என்பார்.

மழை பேன்ட்டுக்கு வேறு கதை. அதைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊரான கூரம் வரைக்கும் நடந்தேன். வயல் ஓரமாக அருமையான நடை. ஆனால் அடி எடுத்து வைக்கிறபோதெல்லாம் தொடைக்கு நடுவில் சரக், சரக் என்று ஒரு சத்தம். அது எனக்குத்தான் எரிச்சல் என்று நினைத்தேன். கூரத்து நாய்களுக்கு என்னைவிட எரிச்சல். நான்கு நாய்கள் ஊர் எல்லை வரைக்கும் வழியனுப்பி வைத்தன. அன்றைக்கு நடந்தது பாதி, ஓடியது பாதி.

இதையெல்லாம் எதிர் வீட்டுச் சகுந்தலா கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். சகுந்தலாவும் அவள் கணவர் ஏகாம்பரமும் பட்டு நெய்கிறவர்கள். வாசல் அறையில்தான் தறி. எந்தத் துணியைப் பார்த்தாலும் இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. என் கோட்டு ஒன்றுகூட அவள் விரலுக்குத் தப்பியதில்லை.

“இன்னாக்கா இது, இழையே தெரியல? நெய்ஞ்சதா, ஊத்தினதா?” என்று ஒரு முறை கேட்டாள். அந்தக் கம்பெனிக்காரர்களே அப்படி யோசித்திருக்க மாட்டார்கள்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

முந்தின நாள் கூரியரில் எட்டாவது கோட்டு வந்திருந்தது. இதன் விசேஷம் என்ன தெரியுமா? மடித்தால் ஒரு ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஆகிவிடும். அதன் பையிலேயே அதைத் திணித்து, ஜிப்பை மூடி, பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். வழியில் மழை பிடித்தால் எவ்வளவு சீக்கிரம் எடுத்து மாட்ட முடிகிறது – இதுதான் அன்றைய சோதனை. அதற்கு மழை வேண்டுமே? வழக்கம்போல செல்போனில் பார்த்தேன். ஏழு மணிக்கு மேல் நல்ல மழை என்று போட்டிருந்தது. கோட்டைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, வெறும் காட்டன் சட்டையோடு ஆறு மணிக்கு சைக்கிளை வெளியே எடுத்தேன். மழையை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புகிற ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன்.

சகுந்தலா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மேகம் இல்லை.

“இன்னாக்கா, இன்னிக்கி கோட்டு இல்லியா?”

“இல்ல சகுந்தலா, இன்னிக்கி கைய வீசிக்கிட்டுப் போறேன்” என்றேன். சின்னத் தற்பெருமை. திரும்பி வந்து பாக்கெட்டிலிருந்து கோட்டை உருவி அவளை அசத்த வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை.

அவள் முகம் மலர்ந்தது. “அப்ப சரிக்கா” என்று உள்ளே போனாள். என்ன சரி என்று நான் கேட்கவில்லை.

ஏனாத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஏழு ஆகவில்லை. காலேஜ் பஸ்களுக்கு வழிவிட்டு, டீக்கடை ஓரமாக நின்றேன். வாலாஜாபாத் பக்கம் வானம் கன்னங்கரேல் என்று ஏறி வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரே குஷி. டீயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டேன்.

“ஏங்க, மாடியில காயற துணிய எடுத்துடுங்க. பெரிய மழை வருது.”

“துணி எடுத்தாச்சும்மா. ஆனா மழை வராதாமே? சகுந்தலா தெருவுல பாவு போட்டுக்கினு இருக்குது.”

“மழை வராதுன்னு யாரு சொன்னது?”

“நீதான். கோட்டு போடாம போனியாமே. மழை அக்கா கோட்டு போட்டா மழை, போடலன்னா வெயிலு. தெருவே அத வெச்சித்தானே பாவு போடுது... உனக்குத் தெரியாதா?”

டீ தொண்டையில் நின்றது இங்கேதான்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சேலையின் நீளவாட்டு நூலுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பார்கள். காய்ந்த பிறகுதான் சுருட்ட முடியும். ஈரக் கஞ்சியோடு சுருட்டினால் இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் மழை அடித்தாலோ கஞ்சியும் போகும், நூலும் சிக்கும், சாயமும் கெடலாம். ஒரு பாவில் மூன்று சேலை.

சகுந்தலா வீட்டுப் பாவு எதற்கு என்று எனக்குத் தெரியும். தையில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணே வாலாஜாபாத்திலிருந்து வந்து, நான்கு மாந்துளிர் நிறங்களில் ஒன்றைத் தொட்டு, “இதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நூல் வீணானால் மறுபடி அதே நிறம் பிடிக்க வேண்டும். மழை மாதத்தில் சாயம் போட்டு, காயவைத்து, நெய்து... முகூர்த்தம் காத்துக்கொண்டிருக்குமா?

“போனை சகுந்தலா கிட்ட குடுங்க” என்றேன்.

“அக்கா?”

“சகுந்தலா, மழை வருதும்மா. இங்க ஏனாத்தூர் வரைக்கும் வந்துடுச்சு. பாவைச் சுருட்டு.”

“இப்பத்தான் கஞ்சி வெச்சிக்கினு இருக்கோம்க்கா. சுருட்ட முடியாது. நீங்க கோட்டு போடலியேக்கா?”

“பாக்கெட்டுல இருக்குது” என்றேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதாக ஞாபகம் இல்லை.

“தார்ப்பாய் ஒன்னுதான்க்கா கீது. பாதிக்குத்தான் வரும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. போனைத் திரும்ப வாங்கிய வீட்டுக்காரரிடம் கத்தினேன். “என் கோட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுத் தெருவுக்குப் போங்க.”

“எல்லாத்தையுமா?”

“பேன்ட்டும் சேர்த்து.”

டீக் கிளாஸை வைத்துவிட்டு சைக்கிளில் ஏறினேன். பாதி வழியில் மழை என்னைப் பிடித்தது. நிறுத்தி, பாக்கெட்டிலிருந்து கோட்டை எடுத்து உதறி மாட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்ததால் தலை வழியில் சிக்கி, ஒரு நிமிடம் ரோட்டோரத்தில் தலையில்லாத ஆள் மாதிரி தடவிக்கொண்டு நின்றேன். சோதனை முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தோல்வி. அதற்குள் மழை என்னைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டது.

தெருமுனையில் திரும்பியதும் பிரேக் போட்டேன்.

பாவின் ஒரு பாதியைத் தார்ப்பாய் மூடியிருந்தது. நாலு மூலையிலும் ஆட்கள். மறு பாதிக்கு மேலே... என் கோட்டுகள். ஈரக் கஞ்சியில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் யாரும் நூல் மேல் போடவில்லை. கோட்டுக்கு இரண்டு பேர். இந்தக் கையை ஒருவர், அந்தக் கையை ஒருவர் பிடித்து, தலைக்கு மேல் விரித்து நின்றார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வரிசையாக. மழைக்கோட்டு பிடித்த அத்தனை பேரும் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தார்கள். நாய்களுக்குப் பிடிக்காத அந்த பேன்ட்டை, ஒரு காலை ஏகாம்பரமும் ஒரு காலை என் வீட்டுக்காரரும் பிடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

கடைசியில் ஒரு ஆள் நீளத்துக்கு இடைவெளி. அங்கே சகுந்தலா தன் உடம்பாலேயே குனிந்து மறைத்து நின்றாள். முதுகில் மழை அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். போட்டிருந்த எட்டாவது கோட்டைக் கழற்றினேன். ஒரு கையை அவள் பிடித்தாள், ஒரு கையை நான்.

கால் மணி நேரம் இருக்கும். தோள் விட்டுப்போயிற்று. மழையும் விட்டது.

கோட்டுகளை மெதுவாக விலக்கினார்கள். சகுந்தலா குனிந்து புறங்கையால் நூலைத் தொட்டுத் தொட்டுக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். மணப்பெண் அந்த நிறத்தைத் தொட்டது எனக்கு ஞாபகம் வந்தது. சகுந்தலா ஓர் இடத்தில் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். அங்கே பிடித்திருந்தது நான் தவம் கிடந்து வரவழைத்த, எட்டிலேயே விலை உயர்ந்த நீலக் கோட்டு.

“இதுதான்க்கா ஒழுகிகீது. தையல் போட்ட எடத்துல ஊசி ஓட்டை. ரெண்டு ஜாண் நனைஞ்சிடுச்சி” என்றாள். பிறகு சிரித்தாள். “பரவால்ல, கஞ்சி மறுபடி வெச்சிக்கலாம். மத்தது எல்லாம் பத்திரமா கீதுக்கா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நனைந்த முகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

“நான் சொல்லியிருக்கணும் சகுந்தலா.”

“நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க? நாங்கதானே கோட்டப் பாத்தோம். போனப் பாக்கல.”

வாசகர்களே, எட்டு கோட்டுகளைப் பற்றி நான் மாதக் கணக்கில் பக்கெட், நாய், லாரி என்று செய்த சோதனையெல்லாம் வீண். பட்டு நூல் கால் மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிட்டது. ஆகவே என் சிபாரிசு: கடையில் கோட்டை வாங்கும்போது பளபளப்பையும் படத்தையும் பார்க்காதீர்கள். உள்பக்கம் திருப்பி, தையலைத் தடவிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் அவசரத்துக்கு வாங்கிய, தையலே இல்லாமல் ஒட்டிய மஞ்சள் கோட்டு ஒரு சொட்டு கூட விடவில்லை. அது சகுந்தலாவின் பரிசோதனை, அதில் மேல்முறையீடு கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருடமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன். என் தெருவில் இதைப் படிப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று எனக்கு ஒரு சின்ன ஏக்கம் உண்டு. அவர்கள் என்னைத்தான் தினம் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் எழுதியதை அல்ல, மாட்டிக்கொண்டு போனதை. நம்மை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அசட்டையாகக் கிளம்புகிறோமே... எதிர் வீட்டில் ஒருவர் அதை நம்பித் தன் நாளையே விரித்துப் போடுகிறார். நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

மஞ்சள் கோட்டை சகுந்தலாவுக்கே கொடுத்துவிட்டேன். தறிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். பாவு காய்ந்து, சுருட்டி, தறியில் ஏறிவிட்டது. மாந்துளிர் நிறத்தில் முதல் முழம் நெய்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அடுத்த வீட்டுக்காரர்கள் பாவு போட வேண்டியிருந்தது. வானம் சுத்தமாக இருந்தது. கோட்டு இல்லாமல் சைக்கிளை வெளியே எடுத்தேன். சகுந்தலா நேராக வந்து வழியை மறித்தாள்.

“அக்கா, பாக்கெட்ட காட்டுங்க.”