கேள்வி கேட்காத ஷெல்

அலுவலகத்தில் அவளை ரெட்டெழுத்து என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைகளின் கணினிகளைப் பராமரிக்கும் நிறுவனம் அது. மவுசைத் தொடாமல், கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே வேலை நடக்கும். அந்தக் கட்டளைகளை வாங்கிக் கணினிக்குச் சொல்லும் நிரலின் பெயர் ஷெல். அவரவர் விருப்பத்துக்கு அதை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். பக்கத்து இருக்கைக்காரன் தன் ஷெல் திறந்ததும் ஒரு பூனை சோம்பல் முறிப்பதுபோல் வைத்திருந்தான்.

அவள் மாற்றியது அழகுக்காக அல்ல. சிறு வயதில் பேருந்துக் கதவில் நசுங்கிய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருந்தன. நீண்ட கட்டளைகளுக்கெல்லாம் இரண்டெழுத்தில் செல்லப்பெயர் வைத்தாள். மடங்கிய விரல் அடிக்கடி விசைப்பலகையின் இடைவெளிக் கட்டையில் இடித்துவிடும். அதனால் அழிக்கும் கட்டளையை மட்டும் தனியாகக் கவனித்தாள். எதை அழிக்கச் சொன்னாலும் அவள் ஷெல், அழியப்போகும் கோப்புகளின் பெயர்களைக் காட்டி, "சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கும். தட்டும்போது விரலைப் பார்ப்பாள். கேள்வி வந்த பிறகுதான் திரையைப் படிப்பாள். பல வருடங்களாக அவள் வேலை செய்த விதம் அது.

கையைப் பார்த்ததும் கதவைச் சாத்திய நிறுவனங்கள் உண்டு. இவர்கள்தான் எடுத்துக்கொண்டார்கள். அவளும் அவளுடைய அக்காவும் சாப்பிடுவது இந்தச் சம்பளத்தில்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை ஷெல்லைத் திறந்தாள். தட்டிய இரண்டெழுத்து எதுவும் செல்லவில்லை. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை.

"பூனையும் செத்துடுச்சு," என்றான் பக்கத்து இருக்கைக்காரன். "எல்லாருக்கும் ஒரே ஷெல்லாம். புது உத்தரவு. ரெட்டெழுத்து மேடம் இனிமே முழு வாக்கியமா பேசணும்."

திரும்ப எழுதி வைத்தாள். வெளியே போய் உள்ளே வந்தால் அதுவும் துடைக்கப்பட்டிருந்தது. மேலாளரிடம் போனாள்.

"எனக்கு மட்டும் பழையபடி விட்டுடுங்க சார். இந்தக் கைக்காக எழுதினது அது."

"உங்களுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னா நல்லாவா இருக்கும்? இங்க எல்லாரும் சமம்மா. மெயில் போடுங்க, பார்க்கலாம்."

அளவெடுக்காமல் ஒரே சட்டையைத் தைத்து எல்லார் தலையிலும் மாட்டிவிட்டு, அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைப்பவர்களை என்ன செய்வது? கழுத்து நெரிபடுகிறவள் மனுப் போட வேண்டும். மாட்டியவர் பார்க்கலாம் என்பார். அவள் மெயில் போட்டாள். பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு மருத்துவமனைக் கணினியில் தேவையற்ற பழைய கோப்புகளை அழிக்க வேண்டியிருந்தது. அவற்றின் பெயர்த் தொடக்கத்தை எழுதி, ஒட்டினாற்போல் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். நட்சத்திரத்துக்கு முன்னால் விரல் இடைவெளிக் கட்டையில் இடித்தது. இடைவெளி விழுந்தால் அந்தக் கட்டளைக்கு, அங்கே உள்ள எல்லாவற்றையும் அழி என்று பொருள். என்டரைத் தட்டிவிட்டுக் கையை எடுத்து, பழைய பழக்கத்தில் கேள்விக்காகத் திரையைப் பார்த்தாள்.

கேள்வி வரவில்லை. கட்டளை முடிந்திருந்தது.

முந்தைய நாள் வரையிலானவற்றுக்கு நகல் இருந்தது. அன்று காலையிலிருந்து வந்த இரத்தப் பரிசோதனை முடிவுகள் போயே போய்விட்டன. ஊசி குத்திக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்த நோயாளிகளைத் திரும்ப வரவழைத்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டபோது அவளால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

விசாரணை மேலாளர் அறையில் நடந்தது.

"நீங்கதானே தட்டினீங்க?"

"ஆமா சார். தட்டினது என் தப்பு. மன்னிச்சிடுங்க. ஆனா கேட்டுட்டு அழிக்கிற ஏற்பாட்டை எடுத்தது நீங்க."

"எல்லாருக்கும்தான் எடுத்தோம். வேற யாரும் அழிக்கலையே."

"வேற யாருக்கும் இந்தக் கை இல்ல சார்."

"அதத்தாம்மா நாங்களும் சொல்றோம்," என்றார் அவர், மிக மென்மையாக.

வேலை போனது. பக்கத்து இருக்கைக்காரன் வாசல் வரை வந்தான். கேலி செய்யவில்லை.

"உங்க மெயிலை அவர் திறக்கவே இல்ல. எனக்குத் தெரியும். நான் உள்ள வந்து சொல்லியிருக்கணும்..."

"சொன்னா உனக்கும் சீட்டு கிழியும்னு நீ பயப்படுவேன்னு அவருக்குத் தெரியும்பா. அந்தத் தைரியத்துலதான் பேசுறார்."



வீட்டில் அக்கா வெந்நீர் வைத்து, வீங்கிய மணிக்கட்டுக்குத் துணி நனைத்து ஒற்றினாள்.

"கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டிருந்தா விட்டிருப்பாங்களோ என்னவோடி."

"கேட்டேன்க்கா. அழிஞ்சதுக்குக் கேட்டேன். கைக்குக் கேக்கல."

விளக்கை அணைக்கப் போன அக்கா, காலையில் எத்தனை மணிக்கு எழுப்பட்டும் என்று வழக்கம்போல் கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.