உமிச் சாம்பலோடு காத்தான்குடி உலைக்கு

போன ஆவணியில் நான் மட்டக்களப்புக்குப் போனது வாவியில் படகோட்டிப் படம் எடுக்க அல்ல. கொழும்பில் உலோகவியல் ஆய்வு மாணவி நான். அலுமினியத்துக்குள் நுண்ணிய கடினத் துகள்களைக் கலந்தால் எளிதில் தேயாத ஒரு கலப்புப் பொருள் கிடைக்கும். அந்தத் துகளுக்கு நெல் உமிச் சாம்பல் போதும் என்பது என் வாதம். “அதற்கு நம்மிடம் உலை இல்லை. கணினியிலேயே செய்து முடியுங்கள்” என்றார் என் மேற்பார்வையாளர். எனக்கு ஊர் பெரியகல்லாறு. காத்தான்குடியில் அலுமினியச் சட்டி வார்க்கும் பட்டறையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடக் காலம் முழுக்க பஸ்ஸில் போய்வந்தேன். உலை இல்லையாம்.

வியாழன் காலை செங்கலடியில் ஓர் அரிசி ஆலையில் சாம்பல் வாங்கினேன். கரி போய் வெளுக்கும்வரை அங்கேயே மறுபடி எரித்து மூட்டை கட்டினேன். காத்தான்குடிக்கு நகரத்தில் பஸ் மாறவேண்டும். மொத்தம் இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல்.

“மூட்டைக்குள்ள என்ன அக்கா?” என்றார் நடத்துநர்.

“உமிச் சாம்பல் தம்பி.”

“சாம்பலுக்குக் காசு எடுக்கேலாது. சீட்டுல மட்டும் வைக்காதீங்க.”

பட்டறை முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்; நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நான் சொன்னதைக் கேட்டதும் முடியாது என்று தலையாட்டினார்.

“என்ட உலைக்குள்ள சாம்பலக் கொட்டுறதா? சட்டில கறுப்பு விழுந்தா ஆரு வாங்குற?”

“சட்டிக்கு வேணாம் காக்கா. தனிக் கிண்ணத்துல, பழைய அலுமினியப் பிஸ்டன் உருக்கி.”

அரை மனதோடு விட்டார். பிஸ்டன்கள் உருகியதும் சாம்பலைத் தூவிக் கிண்டினேன். அது நுரைபோல மேலேயே மிதந்தது. வார்த்து ஆறிய கட்டியை அறுத்தால் உள்ளே முழுக்க ஓட்டை.

“நான் சொன்னன்தானே. வீட்ட போங்க தங்கச்சி.”

“நாளைக்கும் வாறன் காக்கா.”

“நாளைக்கு வெள்ளி. கடை மூடுவம்.”

“அப்ப சனி வாறன்.”

வெள்ளி முழுவதும் பெரியகல்லாற்று வீட்டில் அந்தக் கட்டியையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எரித்த சாம்பல்தான், ஆனால் பஸ் பயணத்தில் வாவிக் காற்றின் ஈரத்தை மறுபடி குடித்திருக்கிறது. உலையருகிலேயே சுடவைத்து, சூடு ஆறாமல் போடவேண்டும். உருகிய அலுமினியம் துகளைப் பற்றிக்கொள்ள, கொழும்பிலிருந்து கொண்டுவந்த மக்னீசியத்தையும் கொஞ்சம் சேர்க்கவேண்டும்.

சனிக்கிழமை அப்படியே செய்தேன். களிமண் பூசிய தண்டால் ஒரு கையில் கிண்டிக்கொண்டே மறுகையில் சாம்பலைத் தூவினேன். சூடு தாங்காமல் ஓரடி பின்வாங்கினேன். காக்கா வந்து தண்டை வாங்கிக்கொண்டார்.

“நான் கிண்டுறன். நீங்க போடுங்க.”

இந்தமுறை சாம்பல் உள்ளே இறங்கியது. ஆறிய கட்டி அடர்த்தியாக இருந்தது. ஓட்டைகள் அங்கொன்று இங்கொன்றுதான். காக்கா அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தார்.

“அரம் வழுக்குது. சட்டி வார்க்கலாமா?”

“ஏலாது காக்கா. கீழ விழுந்தா உடைஞ்சிரும். தேயிற சாமானுக்குத்தான் இது.”

“என்ட மச்சான்ட வயல் வட்டைல தண்ணி பம்ப மணல் தின்னுது. அதுக்கு?”

“அதுக்குத்தான்.”

கொழும்பில் சோதித்தபோது, சாம்பல் சேர்க்காத பிஸ்டன் உலோகத்தைவிட இது கடினமாக இருந்தது, தேய்மானமும் குறைவு. ஆனால் இழுத்தால் சீக்கிரம் முறிந்தது; நுண்ணோக்கியில் சில இடங்களில் சாம்பல் திரண்டிருந்தது. எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை போகாதீர்கள். பருத்தி உடை, மூடிய சப்பாத்து கட்டாயம். ஈரமான எதையும் உருகிய அலுமினியத்தில் போட்டுவிடாதீர்கள், முகத்துக்கே தெறிக்கும். பட்டறைக்காரரிடம் முதலிலேயே உண்மையைச் சொல்லுங்கள். அவருடைய சட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியவேண்டும்.

ஆய்வேட்டில் வார்த்த இடம் ‘காத்தான்குடி, அலுமினியச் சட்டிப் பட்டறை’ என்று எழுதியிருந்தேன். அதை ‘உள்ளூர் வார்ப்புக்கூடம்’ என மாற்றினால் கௌரவமாக இருக்கும் என்றார்கள் எங்கள் துறையில். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் கொடுத்தேன். மூன்றாம் முறை கையெழுத்து வைத்தார்கள்.