வட்டப்பாறையில் வைக்காத கை

என் மகள் ஓட்டிய பயிற்சி விமானம் விபத்தில் சிக்கியது என்று போன் வந்தபோது, திண்டிவனத்தில் என் தையல் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வெளி மாநிலத்தில் பைலட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூடுபனியில் கருவிகளை மட்டும் பார்த்து இறங்கும்போது, ரன்வேக்கு முன்னாலேயே சக்கரம் தரையில் இடித்து ஒடிந்து, விமானம் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போய் நின்றதாம். இவளுக்கு நெற்றியில் தையல். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த சாருக்குக் கால் முறிந்துவிட்டது.

"சார்தான் எறங்கச் சொன்னாரு" என்றாள் வீட்டுக்கு வந்ததும். விசாரித்த அதிகாரிகளிடமும் அதையே சொல்லியிருந்தாள். அந்த மனுஷனை நான் திட்டாத திட்டில்லை. பெற்ற வயிறு எரியாதா?

காயம் ஆறியதும் மறுபடி கிளம்பப் போவதாகச் சொன்னாள். "நீ பறந்து கிழிச்சது போதும்டி" என்று கத்தினேன். சொந்தக்காரர்கள் 'ஏரோப்ளேன் வீடு' என்று எங்களைக் கிண்டல் செய்தபோது உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது வானத்தில் சத்தம் கேட்டாலே தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

வாய்ப்பேச்சுக்கு அடங்குகிறவள் இல்லை. அதனால், உயிர் பிழைத்ததற்குச் சாமி கும்பிடலாம் என்று சொல்லி விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து ஆட்டோவில் திருவாமாத்தூருக்கு அழைத்துப் போனேன். அங்கே கோயிலில் இருக்கும் வட்டப்பாறையில் கை வைத்துச் சத்தியம் செய்தால் மீற முடியாது. நிலத்தகராறோ திருட்டோ, எங்கள் பக்கத்தில் கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்கள். பொய்யை மனதில் வைத்துக்கொண்டு கை வைத்தவன் உருப்பட்டதில்லை என்பார்கள்.

"இனிமே ஏற மாட்டேன்னு கை வைடி" என்றேன்.

கையை நீட்டினாள். பாறைக்கு ஒரு சாண் மேலேயே கை நின்றுவிட்டது.

"பறக்கணும்னு அவ்ளோ ஆசையா?"

"அதில்லம்மா. என்னால இதுல கை வைக்க முடியாது."

வெளியே இழுத்து வந்து உட்காரவைத்தேன். தேம்பிக்கொண்டே சொன்னாள். "ஒரு உயரம் வரைக்கும்தாம்மா மீட்டரைப் பாத்து எறங்கலாம். அங்க வந்தும் ரன்வே தெரியலைன்னா திரும்ப மேல போயிடணும். சார் 'மேல போ, மேல போ'ன்னு கத்தினாரு. இதோ தெரிஞ்சிடும், தெரிஞ்சிடும்னு நான்தான் எறக்கிக்கினே இருந்தேன். அவரு கண்ட்ரோலைப் புடுங்கறதுக்குள்ள இடிச்சிருச்சு. லைசென்ஸ் போயிடுமேன்னு பயந்து பழியை அவரு மேல போட்டுட்டேன்."

கால் முறிந்து கட்டிலில் கிடக்கும் மனிதரை நான் சபித்ததெல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

"அவருக்கு என்னடி ஆவும்?"

"வேலை போயிடும்."

"உண்மையைச் சொன்னா உனக்கு?"

"நான் பறக்கவே முடியாம போயிடலாம்."

நான் கேட்டு வந்தது அதுதான். ஆனாலும் 'விடுடி, யாருக்குத் தெரியப்போவுது' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "போனைப் போடு" என்றேன்.

விசாரித்த அதிகாரிக்குப் போட்டாள். "சார், அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்று அவள் ஆரம்பித்தபோது, என் பிள்ளை இனிப் பறக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்த நான், இவளைப் பறக்க விட்டுடுப்பா என்று அதே சாமியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.