கடைசியாக என்ன சாப்பிட்டான்

என் தம்பி பொலிவியாவில் இறந்தபோது அவனுக்கு ஐம்பத்தைந்து வயது. மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு வருஷம் பாதிரியாராக இருந்தான். அவன் சபையிலிருந்து எனக்கு வந்த கடிதம் நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. அமைதியாக இறைவனடி சேர்ந்தார் என்று எழுதியிருந்தார்கள். அந்த 'அமைதியாக'வைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நுரையீரல் கெட்டு மூச்சுக்குத் திணறினவன் எப்படி அமைதியாகப் போவான்? எழுதினவர் பக்கத்தில் இருந்து பார்த்தாரா? சிங்கப்பூரிலிருந்து நான் கிளம்புவதற்கு முன்பே அங்கே அடக்கமும் முடிந்துவிட்டது.

கோபம் அவர்கள்மேல் இல்லை என்று எனக்கே தெரியும். இறப்பதற்கு மூன்று வாரம் முன்னால் அவன் போன் செய்தான். பேச்சுக்கு நடுவே இருமல் விடவே இல்லை.

"போதும்டா நீ ஊருக்கு உழைச்சது. டிக்கெட் நான் போடுறேன், கெளம்பி வா" என்றேன்.

"இங்கயே நல்லாப் பாத்துக்கிறாங்கக்கா. சமைக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, கூடவே இருக்காங்க."

"யாரோ ஒரு பொம்பளை பாத்துப்பா, கூடப் பொறந்தவ வேணாமா உனக்கு? அப்ப அவங்களோடயே இரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவனே கூப்பிடட்டும் என்று மூன்று வாரம் வீம்பாக இருந்தேன். அவன் கூப்பிடவில்லை. அதற்குமேல் அவனால் முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பங்குக் கோயிலில் அவனுக்காக ஒரு பூசை வைத்தோம். முடிந்ததும் செங்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். நம் ஆட்கள் துக்க வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அடுக்குமாடி புளோக்கின் கீழே வாய்ட் டெக் என்கிற திறந்த தளத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பாக்கெட் பானத்தை வாங்கிக்கொண்டே கேட்பார்கள்: "கடைசியா என்ன சாப்பிட்டாரு?" அரை இட்லி சாப்பிட்டார், மருமகள் ஊட்டினாள், காப்பி கேட்டு ஒரு வாய் குடித்தார் என்று யாராவது சொன்னால் போதும், எல்லாருக்கும் மனசு ஆறிவிடும். நானே எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொருவராக வந்து என்னைக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியலைங்க, தெரியலைங்க என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுந்து போய்க் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பதில் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அந்தச் சமையல்கார அம்மாள்தான் கடைசிவரை பக்கத்தில் இருந்தார் என்று சபையில் சொன்னார்கள், கைப்பேசி எண்ணும் கொடுத்தார்கள். அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை வராது.

"போன்லயே மொழிபெயர்க்கிற ஆப் இருக்குலா, அதுல கேளேன்" என்றார் என் கணவர்.

அதையும் போட்டுப் பார்த்தேன். எம்ஆர்டி ரயிலில் கதவு மூடுகிறது என்று சொல்லுமே, அந்த மாதிரி ஒரு குரல். என் தம்பி கடைசியாக என்ன சாப்பிட்டான் என்பதை அந்தக் குரலில் கேட்க எனக்கு மனசு வரவில்லை. நடுவில் ஒரு பாதிரியாரை உட்கார்த்தி வைத்துப் பேசவும் விருப்பமில்லை. பாதிரியார் பக்கத்தில் இருந்தால் எல்லாரும் அமைதியாகத்தான் இறந்தார்கள் என்பார்கள்.

"நானே படிச்சுக்கிறேன்" என்றேன்.

"அறுபத்தோரு வயசுல ஸ்பானிஷா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, ஃபீஸ் நான் கட்டுறேன்" என்றார்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், காய்கறிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் வகுப்பு. சனிக்கிழமை காலை பத்து மணி. கீழே முருங்கைக்காயை முறித்துப் பார்க்கிறவர்களைத் தாண்டி மாடி ஏற வேண்டும். வாத்தியார் ஒரு கொலம்பியாக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் உல்லாசப் பயணம் போகிற இளசுகள். அவர்களுக்கு ரயில் டிக்கெட் வாங்கவும் பீர் கேட்கவும் தெரிந்தால் போதும்.

முதல் நாள் பலகையில் கட்டம் போட்டு, 'பேசு' என்ற வினையை எழுதினார். எந்தப் பிசிறும் இல்லாத ஒழுங்கான வினை, இந்த ஒன்றைக் கற்றால் ஆயிரம் வினை தானாக வரும் என்றார். நான் கையைத் தூக்கி, எனக்குச் சாப்பிடுவதுதான் வேண்டும் என்றேன். அது இரண்டாம் மாதம் வரும் என்றார். அதுவரை பொறுக்க முடியாது என்றேன். இளசுகள் சிரித்தார்கள். பாட்டிக்குப் பசி என்று நினைத்திருப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். வாத்தியார் நல்ல பிள்ளை, வகுப்பு முடிந்ததும் ஒரு தாளில் எனக்காகத் தனியாக எழுதிக் கொடுத்தார். கோமோ, நான் சாப்பிடுகிறேன். கோமெஸ், நீ சாப்பிடுகிறாய். கோமேமோஸ், நாம் சாப்பிடுகிறோம். 'கோமேர்' என்பதுதான் மூலம். அதுவும் ஒழுங்கான வினைதானாம். அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். வெங்காயம் நறுக்கும்போதும் கோமோ, கோமெஸ். குக்கர் விசில் அடிக்கும்போதும் கோமேமோஸ். ஒரு வாரத்தில் என் கணவரும் சேர்ந்துகொண்டார். சாப்பாட்டு மேசையில் தட்டைத் தட்டி, "கோமேமோஸ்லா, பசிக்குது" என்பார்.

நிகழ்காலம் சுலபமாக வந்துவிட்டது. இறந்தகாலத்தில்தான் உட்கார்ந்துவிட்டேன். அவர்களுக்கு இறந்தகாலம் இரண்டு. ஒரு தடவை சாப்பிட்டு முடிந்தது என்றால் கோமியோ. தினமும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்றால் கோமீயா. நானும் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் தம்பி மீன் குழம்பு என்றால் ரெண்டு தட்டு சாப்பிடுவான். போன வருஷம் அவன் இருந்தபோதும் இதைத்தான் சொன்னேன், இனிமேலும் இதைத்தான் சொல்வேன். நாளைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடப் போகிறவனுக்கும் இதே 'சாப்பிடுவான்'தான். அந்த பாஷையில் அப்படி விட மாட்டார்கள். போனவனை அந்தப் பக்கம் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். வாத்தியார் என் பெயரைச் சொல்லி, உங்கள் வீட்டு ஆள் ஒருவரை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றார். 'என் தம்பி மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்' என்று சொல்லிவிட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து அழுதேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

ஐந்து மாதம் ஆயிற்று. நமக்கும் அந்த நாட்டுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டேன், அங்கே சனிக்கிழமை ராத்திரி எட்டு. திரையில் அந்த அம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும். இரட்டைப் பின்னல், தோளில் கம்பளிச் சால்வை. பாதிரியாரின் அக்கா என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. நான் மனப்பாடம் செய்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். என் தம்பி நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானா? கடைசி நாள் சாப்பிட்டானா? என்ன சாப்பிட்டான்? யார் கொடுத்தது? காலம், இடம் எதுவும் பிசகவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. கடகடவென்று என்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மார்பில் கையை வைத்துக்கொண்டு அழுதார், பிறகு திரை அணைந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அன்று மாலை அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அதையும் நாலு தடவை கேட்டுப் பார்த்தேன், சூப்பு என்ற சொல் மட்டும் புரிந்தது.

சனிக்கிழமை போனை வாத்தியாரிடம் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, நீங்கள் என்ன கேட்டீர்கள் என்றார். சொன்னேன். பிறகு அந்த அம்மாள் சொன்னதை மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: 'நான் ஏழைதான், ஆனால் ஃபாதரை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை. என் கையால் சூப்பு கொடுத்தேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இவ்வளவு தூரத்திலிருந்து என்னை ஏன் இப்படிச் சந்தேகப்படுகிறீர்கள்?'

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. துக்க வீட்டில் பாசமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அவருக்கு அது போலீஸ் விசாரணையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏற்கெனவே ஒரு முறை 'யாரோ ஒரு பொம்பளை' என்று சொன்ன வாய் இது. இப்போது முகத்துக்கு நேராகவே அழ வைத்தாயிற்று. கீழே வந்து காய்கறிக் கடை வாசலில் ஒன்றும் வாங்காமல் வெகுநேரம் நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை வாத்தியார் எனக்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தார். ஆசையையும் பயத்தையும் சொல்ல அவர்கள் வினைக்கு வேறு ஒரு உருவம் கொடுக்கிறார்களாம். அவன் சாப்பிட வேண்டும் என்று நான் விரும்பினேன் என்றால், அந்தச் சாப்பாடு 'கோமியேரா' ஆகிவிடும். நடந்ததா இல்லையா என்பது அதில் கிடையாது, விரும்பியது மட்டும்தான். மூன்று வாரம் போன் பண்ணாமல் இருந்த எனக்கு அதுதான் பொருத்தமான உருவம். அதை வைத்து ஆறு வரி எழுதினோம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டேன். ஏழு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தார், முகத்தைக் காட்டவில்லை. நான் தாளைப் பார்த்துப் படித்தேன். 'என்னை மன்னியுங்கள். எங்கள் ஆட்கள் இறந்தவரைப் பற்றி முதலில் கேட்பது சாப்பாட்டைத்தான். குற்றம் சொல்ல இல்லை, அன்பினால் கேட்பது. என் தம்பி சாப்பிட வேண்டும் என்று விரும்பினேன். என்னால் கொடுக்க முடியவில்லை. நீங்கள் கொடுத்தீர்கள். நான் அவனோடு சண்டை போட்டேன்.' கடைசி வரி வாத்தியார் எழுதிக் கொடுத்ததில் இல்லை, நானே சேர்த்தது.

திரையில் அவர் முகம் தெரிந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். உருளைக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் அவனுக்கு ரொம்பப் பிடிக்குமாம். கடைசி வாரம் திடமாக எதுவும் இறங்கவில்லை. கோழி சூப்பை வடிகட்டி, கரண்டியால் கொடுத்திருக்கிறார். கடைசி நாள் காலையில் நாலு கரண்டி. நாலு விரலை நீட்டிக் காட்டினார். நானும் நாலு விரலைக் காட்டி, "குவாத்ரோ?" என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஆறு மாதமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் இறங்கியது.

அவருக்கும் என்னிடம் கேட்க ஒன்று இருந்தது. கடைசி இரண்டு நாள் அவனுக்கு ஸ்பானிஷ் மறந்துபோய்விட்டதாம். அவனால் சாப்பிட முடியாததால் இவரும் சாப்பிடாமல், தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறார். அவன் அந்தத் தட்டைப் பார்த்துப் பார்த்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். டாக்டரைக் கேட்டாராம், சபையில் கேட்டாராம், யாருக்கும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எனக்குச் சொல்லிக் காட்டினார்.

"சாப்டுக்கா. சாப்டுக்கா."

என் தம்பி பேசும்போது இழுக்கிற இழுப்பு அப்படியே இருந்தது. உலகத்தில் அவன் அக்கா என்று கூப்பிட நான் ஒருத்திதான். என்னைத்தான் நினைத்திருக்கிறான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அது எனக்கு வேண்டும் என்று இருந்தது. என்னைத்தான் சொன்னான் என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை.

"கோமே, எர்மானா" என்றேன். சாப்பிடு, அக்கா.

அவர் கண்ணைத் திறந்தார். அக்கா என்றால் நீங்களா என்று என்னைச் சுட்டிக் கேட்டார்.

"இல்லை, உங்களைத்தான் சொன்னான்" என்றேன்.

அவன் யாரைச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சாப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர்தான்.